ரயில் ஓடாத மலையில் ஒரு ரயில் சத்தம்

"இன்னொருக்கா போடும்," என்றாள் ஜெயமலர்.

தினேஸ் ஒலிபெருக்கியில் இணைத்திருந்த போனைத் தட்டினான். நெட்டிமலைத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் முற்றத்தில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் ஏற்கெனவே மனப்பாடமாகியிருந்த குரல் மறுபடி எழுந்தது.

"மேனேஜர் சார், மேட்டு மைதானத்துல எனக்கும் எங்க அண்ணனுக்கும் மட்டும் எடம் குடுத்துருங்க. கீழ் லயத்து ஆளுங்கள நான் பாத்துக்கிறேன். கொஞ்ச நாள் கத்துவாங்க, அப்புறம் அடங்கிருவாங்க."

விஜயலெட்சுமியின் குரல்தான். சந்தேகமே இல்லை. வாக்கியத்தின் கடைசியில் லேசாக மூச்சு வாங்குவதுகூட அவள்தான்.

அந்த விஜயலெட்சுமி முன்வரிசையில் ஒரு பாயின் ஓரத்தில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பாயில் வேறு யாரும் இல்லை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான கீழ் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்து வருகிறது, மழைக்கு முன் மேட்டு மைதானத்தில் வீடு கட்ட இடம் வேண்டும் என்று கொழுந்து பறிக்கும் பெண்களைச் சங்கமாக ஒன்று திரட்டியவள் அவள். இந்த ஒலிப்பதிவு தோட்டத்து வட்ஸ்அப் குழுவுக்குள் வந்து விழுந்த நாளிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. மறுக்கவில்லை, அழவில்லை, யாரையும் திட்டவுமில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஜெயமலர் கூட்டத்தைப் பார்த்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. கொழும்பில் கணினிக் குற்றங்களைத் துருவும் பிரிவொன்றில் பதினெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது பதுளையில் ஒரு பல் வைத்தியரின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். தினேஸ் அவளுடைய உதவியாளன். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன்.

"விஜயலெட்சுமி தோட்டத்து மேனேஜரை என்னெண்டு சொல்லுவா?" என்று கேட்டாள்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "துரைன்னுதான். எல்லாருமே அப்புடித்தான்."

"மேனேஜர் சார் எண்டு எப்பவாவது சொல்லிக் கேட்டிருக்கிறியளோ?"

சிலர் இல்லையென்று தலையாட்டினார்கள்.

"சரி. இப்ப இந்தக் கடைசித் துண்டைக் கேளுங்கோ."

தினேஸ் சத்தத்தைக் கூட்டினான். குரல் ஓய்ந்த பிறகு, எங்கோ தூரத்தில் நீளமாக ஒரு ரயில் ஊதியது.

"நெட்டிமலையில ரயில் ஓடுதுன்னா சொல்லுங்க, நானும் ஒரு டிக்கெட் எடுத்துக்கிறேன்," என்றான் தினேஸ். "பெரகல சந்தியில எறங்கி கொஸ்லந்த வரைக்கும் தேடிப் பாத்துட்டேன். தண்டவாளத்துல ஒரு ஆணிகூட ஆப்புடல."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"இது விஜயலெட்சுமி பேசினதில்லை," என்றாள் ஜெயமலர். "அவ கூட்டங்களில பேசின வீடியோக்களை எடுத்து, அந்தக் குரலைக் கணினிக்குப் பழக்கி, ஆரோ சொல்ல வைச்சிருக்கினம். குரல் அவவின்ரை. பேச்சு அவவின்ரை இல்லை."

ஒரு சலசலப்பு வரும், யாராவது எழுந்துபோய் விஜயலெட்சுமியின் கையைப் பிடிப்பார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பெண்கள் மடியில் கிடந்த போன்களைப் பார்த்தார்கள். விஜயலெட்சுமிக்குப் பக்கத்து வீட்டுக்காரி பெரியாயி மட்டும் எழுந்து நின்றாள். இத்தனை நாளும் தன் கதவை விஜயலெட்சுமிக்கு மூடியே வைத்திருந்தவள்.

"அப்ப இனிமே போன்ல வர்ற எதத்தான் மிஸ் நம்புறது?"

"ஒண்டையும் உடனே நம்பிப்போடாதேங்கோ," என்றாள் ஜெயமலர்.

அவளுக்குப் பக்கத்தில் நின்ற செல்வரத்தினம் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். தோட்டத்துப் பெரிய கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாக இதே அலுவலகத்தில் இருப்பவர். விஜயலெட்சுமிக்கு நடந்தது அநியாயம், அதை ஊரறிய நிரூபிக்க வேண்டும் என்று பதுளைக்கு வந்து ஜெயமலரைத் தேடிப்பிடித்து இந்த வேலையை ஒப்படைத்தவர் அவர்தான். எல்லோரும் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில், கோயில் முற்றத்தில்தான் காட்ட வேண்டும் என்று சொன்னதும் அவரேதான்.

"கேட்டீங்கதானே? போன்ல எது வந்தாலும் நம்பாதீங்க. யாருடைய குரல்ல வந்தாலும் நம்பாதீங்க," என்றார் அவர்.

தினேஸ் வழக்கம்போல ஒரு படம் எடுத்தான். ஜெயமலர், செல்வரத்தினம், பின்னால் கோயில்.

கூட்டம் கலைந்தது. விஜயலெட்சுமி பாயைச் சுருட்டிக்கொண்டு தனியாகக் கீழ் லயத்துக்கு இறங்கிப் போனாள்.

"உங்கட வேலை முடிஞ்சுது தங்கச்சி," என்றார் செல்வரத்தினம். "பெரிய உதவி. இனி இதை விட்டிடுவம்."

"செய்தது ஆரெண்டு தெரிய வேண்டாமோ அண்ணை?"

"தெரிஞ்சு என்ன செய்யப் போறியள்? சனத்துக்கு உண்மை விளங்கிட்டுது. அது காணும்."

அவர் பேச்சு அவளுடைய யாழ்ப்பாணத்துப் பேச்சு. பதுளையில் அதைக் கேட்பது அபூர்வம் என்பதாலோ என்னவோ, அவர் என்ன சொன்னாலும் ஜெயமலருக்கு நம்பத் தோன்றியது. ஆனாலும் காரில் ஏறியதும் அவள் இயர்போனை மாட்டிக் கேட்டது அந்த ஒலிப்பதிவைத்தான்.

ஹப்புத்தளை ஏற்றத்தில் தினேஸின் பழைய கார் முனகியது.

"மேடம், கேஸ் ஜெயிச்ச ஆளு மாதிரி இல்லையே நீங்க. பரீட்சையில பெயிலான மூஞ்சியா இருக்கு."

"அந்தச் சனம் ஏன் சந்தோசப்படேல்லை?"

"கீழ் லயம் எப்ப மேல வந்து விழும்னு காத்துக்கிட்டிருக்கிற சனம். எதுக்கு சந்தோசப்படணும்?"

"இல்லை. உது வேற." அவள் காதிலிருந்ததைக் கழற்றினாள். "கொழும்பில நான் இருக்கேக்க ஒரு தண்ணி சுத்திகரிக்கிற நிலையத்துக்குப் போனனாங்கள். கணினிக்குள்ள ஆரோ பூந்திட்டாங்கள். ஒண்டையும் உடைக்கேல்லை. அளவு காட்டுற முள்ளை மட்டும் இடைக்கிடை மாத்திவிட்டிருக்கிறாங்கள். ஒருநாள் கூட, ஒருநாள் குறைய. வேலை செய்த பெடியங்கள் முதல்ல முள்ளைச் சந்தேகப்பட்டாங்கள். பிறகு ஒருத்தனை ஒருத்தன் சந்தேகப்பட்டாங்கள். கடைசியில உண்மையிலேயே குளோரின் கூடின நாளில, முள்ளு சரியாத்தான் காட்டினது. ஒருத்தரும் அதைப் பாக்கேல்லை."

"முள்ளுக்கும் பொழுதுபோகல போல."

"கணினிச் சண்டை எண்டால் மெசினை உடைக்கிறது எண்டு நினைக்கிறாங்கள். மெசின் என்னத்துக்கு? அதைப் பாக்கிற ஆளின்ரை நம்பிக்கை உடைஞ்சால் மிச்சத்தை அவங்களே செய்வாங்கள்."

இந்தத் தோட்டத்திலும் அது படிப்படியாகத்தான் நடந்திருந்தது. முதலில் கூட்டத்துக்கான நேரம் மாற்றப்பட்டதாக ஒரு செய்தி வந்தது. பாதிப் பேர் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் வீணாகக் காத்திருந்து திரும்பினார்கள். பிறகு பெரியாயியின் எண்ணிலிருந்து, அவள் அனுப்பாத வசைகள் நாலைந்து வீடுகளுக்குப் போயின. அதன் பிறகுதான் விஜயலெட்சுமியின் குரல் வந்தது. அதற்குள் இந்த மலையில் கொழுந்து நிறுக்கிற இடத்தில்கூடப் பெண்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்றாகிவிட்டது. ஒரு கல்லைக்கூட யாரும் எறியவில்லை. ஒரு கதவைக்கூட உடைக்கவில்லை. சங்கம் மட்டும் இல்லாமல் போயிருந்தது.

"நிப்பாட்டும்," என்றாள் ஜெயமலர் திடீரென்று. "ரயில் ஊதினாப் பிறகு ஒரு குரல் கேக்குது. கேளும்."

தினேஸ் ஓரங்கட்டி காதில் மாட்டினான். ரயில் சத்தம் தேய்கிற இடத்தில் யாரோ மெலிதாகக் கத்தினான். பதுள, பதுள, பதுள.

"பஸ் கண்டக்டர்," என்றான். அவன் முகம் மலர்ந்தது. "மேடம், ரயிலும் பதுளை பஸ்ஸும் ஒரே ஜன்னலுக்கு வெளிய கேக்குற டவுன் எங்க ஊர்தான். ஹாலிஎல. அங்க குரல் பதிவு செய்ற கடை ரெண்டே ரெண்டு இருக்கு. ஒண்ணு மூடிட்டாங்க. இன்னொண்ணு என் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தது. அதுல நான் ஒரு எடத்துலயும் இல்ல. அவ்வளவு தெறமசாலி."

அலவியின் ஸ்டூடியோ ஹாலிஎல பஸ் நிற்குமிடத்துக்கு எதிரே, ஒரு பேக்கரிக்கு மேல் இருந்தது. கல்யாண வீடியோ, கோயில் திருவிழா அறிவிப்பு, தேர்தல் காலத்தில் ஆட்டோவில் கட்டும் பிரசாரம் எல்லாம் அவன் செய்வான். ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியதும் அவன் மறுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"நாந்தான் மெடம். சும்மா வெளையாட்டுக்குன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். அது அந்தம்மாவை இப்புடி ஆக்கும்னு அல்லா மேல ஆணையா தெரியாது."

"நல்லாத்தான் செய்திருக்கிறீர். மூச்சு வாங்கிறதுகூட வருது."

"ரொம்ப நாள் வேல மெடம்."

"மூச்சு வாங்கிறதைக் கவனிச்ச ஆள், மேனேஜர் சார் எண்டு பிழை விட்டது எப்பிடி?"

அலவி அவளைப் பார்த்தான். "பிழையா? வேல குடுத்தவரு எழுதிக் குடுத்ததே அப்புடித்தான்."

தினேஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த மீன் அடைத்த மாலு பனிஸைக் கீழே வைத்தான்.

"ரயில் சத்தம்?" என்றாள் ஜெயமலர்.

"அதுவும் அவரு கேட்டதுதான். நான் முதல்ல சுத்தமாத்தான் குடுத்தேன், என் ரூமுக்குள்ள வெளிச் சத்தம் வராது. அவரு கேட்டுப் பாத்துட்டு, கடைசியில ஒரு ரயில் வச்சுக் குடுங்கன்னாரு. தோட்டத்துல ரயில் இல்லையே, ஆளுங்க ஒடனே புடிச்சிருவாங்களேன்னு நான் சொன்னேன். புடிக்கட்டும்னாரு. நானும் ஜன்னல் வழியா போனை நீட்டி, வந்த ரயிலைப் புடிச்சுக் குடுத்தேன்."

கீழே பஸ்ஸொன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. ஜெயமலர் அசையவில்லை.

"அந்த ஆளின்ரை போன் நம்பர் இருக்கோ?"

"இல்ல மெடம். போன்ல ஒரு வார்த்தகூடப் பேசல. எல்லாத்துக்கும் நேர்லதான் வந்தாரு. வொய்ஸ் நோட் போடுங்கன்னா மாட்டேன்னுட்டாரு."

"எப்பிடி இருப்பார்?"

அலவி சொல்லத் தொடங்கினான். வெள்ளைச் சட்டை, வயதான ஆள், உங்களை மாதிரியே பேசுவாரு. பிறகு நிறுத்தினான். அவன் பார்வை தினேஸின் கையிலிருந்த போனில் நின்றது. காலையில் எடுத்த படம் திறந்தபடியே இருந்தது.

"இவரேதான். ஒங்க பக்கத்துல நிக்கிறாரே."

படத்தில் செல்வரத்தினம் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தினேஸ் வழக்கமாக ஏதாவது சொல்லியிருப்பான். அதற்குள் அவன் போன் அதிர்ந்தது. விசாரணைக்காக நெட்டிமலை வட்ஸ்அப் குழுவில் அவனையும் சேர்த்திருந்தார்கள். தெரியாத எண்ணிலிருந்து ஓர் ஒலிப்பதிவு வந்திருந்தது.

துரையின் குரல். சிங்களத்தில் யாரோ மேலிடத்து ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார். கீழ் லயம் இந்த மழைக்கு நிற்காது என்று மண்ணைச் சோதித்தவர்கள் சொல்லிவிட்டார்களாம். இப்போது வெளியே தெரிந்தால் சனம் மேட்டு மைதானத்தில் வந்து குந்திவிடும். அந்த மைதானத்துக்காக ஓட்டல் கம்பெனியோடு கையெழுத்தாகும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றார்.

ஒலிப்பதிவு முடியுமுன்னே பதில்கள் வரத் தொடங்கின. சிரிக்கிற பொம்மைகள். 'இன்னொண்ணா?' 'ரயில் சத்தம் எங்க?' 'இன்னைக்குத்தானே மிஸ் சொன்னாங்க, எதையும் நம்பாதீங்கன்னு.' பெரியாயி அனுப்பியிருந்தாள்: 'யாரோ வேலையத்தவன். அழிச்சு விடுங்க.'

ஜெயமலர் எல்லாவற்றையும் வாசித்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது.

"முதல் பொய்யை ஆக்கள் நம்ப வேணுமெண்டு செய்யேல்லை தினேஸ். அது பொய்யெண்டு பிடிபட வேணுமெண்டுதான் செய்தது. பிடிக்கிறதுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. என்னைப் பிடிச்சினம்."

"அப்ப இப்ப வந்தது?"

"இது உண்மை. உண்மை வரப்போகுதெண்டு அவருக்கு முன்னமே தெரியும்."

"மேடம், இதுவும் பொய்யா இருந்தா?"

அவள் ஒலிப்பதிவை மறுபடி ஓடவிட்டாள். துரையின் பேச்சுக்குப் பின்னால் சீராக ஒரு சத்தம். டிக், டிக், டிக்.

"சிக்னல் லைட்டு," என்றான் தினேஸ். "ஓரமா நிப்பாட்டின வண்டி. துரை ஸ்டியரிங்கையே தொட மாட்டாரு. அப்ப பதிஞ்சது டிரைவர். தம்பையாண்ணே. ஞாயித்துக்கிழமைன்னா பெரகலயில ஸலீம் நானா டீக்கடையிலதான் இருப்பாரு."

பின்னேரம் பெரகலயில் மூடுபனி இறங்கியிருந்தது. தம்பையா கடையின் உள் மேசையில் ஆறிப்போன பிளேன்டீக்கு முன் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இவர்களைக் கண்டதும் எழுந்து ஓடப் பார்க்கவில்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"பாத்தேன். எல்லாரும் சிரிக்கிறாங்க," என்றார்.

"இதைப் பற்றி முதல்ல ஆருக்குச் சொன்னீங்கள்?" என்று கேட்டாள் ஜெயமலர்.

"கிளாக்கர் ஐயாவுக்குத்தாங்க. படிச்சவரு, நல்ல மனுசன். என்ன செய்யட்டும்னு கேட்டேன். அவசரப்படாத தம்பையா, கொஞ்சம் பொறு, நான் சொல்றப்ப அனுப்புன்னாரு. பொறுத்தேன். மழை வருதுன்னு ரேடியோவுல சொன்னான். அதுக்கு மேல பொறுக்க முடியல."

அவர் பொறுத்திருந்த நாட்களில்தான் விஜயலெட்சுமியின் குரல் தயாராகியிருந்தது.

"நாளைக்குக் காலமை பெரட்டுக்கு வந்து, எல்லாருக்கும் முன்னால வாயால சொல்லுங்கோ."

தம்பையா அவளைப் பார்க்கவில்லை. "வேல போயிருமுங்க. வேலையோட வீடும் போயிரும்."

"போகும்," என்றாள் ஜெயமலர்.

தினேஸ் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். ஏதாவது ஆறுதல் சொல்வாள் என்று நினைத்திருந்தான்.

"என் மக அந்த லயத்துலதாங்க இருக்கா," என்றார் தம்பையா கொஞ்சம் பொறுத்து. "போன் பண்ணிச் சொன்னேன். எங்கப்பா கொரல்ல எவனோ பேசுறான்னு வச்சுட்டா."

மறுநாள் காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வழக்கம்போலக் கூட்டம் நின்றது. கங்காணி பெயர் கூப்பிட ஆரம்பிக்குமுன் தம்பையா முன்னால் போய் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சொன்னார். சொல்லி முடித்ததும் ஒரு ஆண் குரல் கேட்டது.

"இது என்ன, நேத்தைய படத்தோட ரெண்டாம் பாகமா?"

யாரோ சிரித்தார்கள். பெரியாயி போனைத் தூக்கிப் பிடித்துப் படம் பிடிக்கத் தொடங்கினாள். இன்னும் பலர் தூக்கினார்கள். தம்பையா ஒரு மனிதராக அங்கே நின்றபோதும் எல்லோரும் அவரைத் திரைக்குள்தான் பார்த்தார்கள்.

"போனைக் கீழ எறக்கு பெரியாயி."

கரகரத்த, பழக்கம் விட்டுப்போன குரல். கூட்டம் முழுக்கத் திரும்பியது. விஜயலெட்சுமி கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"கண்ணால பாரு. அந்தா நிக்கிறாரு." அவள் தம்பையாவின் எதிரில் போய் நின்றாள். "அண்ணே, எந்த எடத்துல வச்சு துரை பேசுனாரு?"

"பெரகல தாண்டி, மொத வளைவுல."

"எதுக்கு நிப்பாட்டுனீங்க?"

"துரைக்கு வளைவு ஒத்துக்காது. வயித்தப் பெரட்டுதுன்னு நிப்பாட்டச் சொன்னாரு."

"எறங்குனாரா?"

"எறங்கல. அப்பத்தான் போன் வந்துச்சு. எடுத்தாரு."

"எதுக்கு ரெக்கோட் போட்டீங்க?"

"கீழ் லயம்னு காதுல விழுந்துச்சு. கை தன்னால போயிருச்சு."

பெரியாயி போனை இறக்கியிருந்தாள். "அன்னைக்கு துரை என்ன சட்ட போட்டிருந்தாரு?" என்று கேட்டாள்.

தம்பையா யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். "தெரியல பெரியாயி. நான் ரோட்டைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"யாரோட பேசுனாரு?"

"அதுவும் தெரியாது."

"அப்ப இத ஏன் அன்னைக்கே வந்து சொல்லல?"

"பயந்துட்டேன்."

பெரியாயி தலையை ஆட்டினாள். ஜெயமலர் அந்த முகங்களைக் கவனித்தாள். சரியாகச் சொன்ன பதில்களைவிட அந்த இரண்டு 'தெரியாது'தான் அவர்களை அசைத்திருந்தது. ஒலிப்பதிவை மறித்துக் கேள்வி கேட்க முடியாது. கேட்டால் அது திணறாது, தலையைக் குனியாது, பயந்துவிட்டேன் என்று சொல்லாது. இந்த மனிதர் எல்லாவற்றையும் செய்தார்.

கூட்டத்தின் நடுவிலிருந்து குழந்தையை இடுப்பில் வைத்த ஒருத்தி விலக்கிக்கொண்டு வந்தாள். தம்பையாவின் மகள். அவருடைய கையைப் பிடித்து மணிக்கட்டை அழுத்திப் பார்த்தாள். பிறகு குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டுக் கீழ் லயத்துக்கு ஓடினாள், சாமான் எடுக்க.

அன்று யாரும் கொழுந்துக்குப் போகவில்லை. பானை, அரிசி, பெட்டி, சாமிப் படம் எல்லாம் தலையிலும் தோளிலும் ஏறி மேட்டுப் பாடசாலைக்குப் போயின. நம்பாத சிலர் திண்டாடிக்கொண்டு வாசலில் நின்றார்கள். எதிர்வீடுகள் காலியாகக் காலியாக அவர்களும் கிளம்பினார்கள். தினேஸ் ஒரு தையல் மெசினைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினான். "துப்பறியும் வேலைன்னு சொல்லித்தான் மேடம் என்னைய எடுத்தீங்க," என்றான் மூச்சிரைக்க.

மழை பின்னேரமே பிடித்துக்கொண்டது. விடியும்போது கீழ் லயத்தின் வலதுபக்க வீடுகள் இருந்த இடத்தில் சிவப்பு மண் நின்றது. உள்ளே யாரும் இல்லை. கட்டியிருந்த ஆடொன்று மட்டும் போய்விட்டது.

பாடசாலை வாசலில் நின்று எல்லோரும் அதைப் பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. ஒரு பிள்ளை பசிக்கிறது என்றது. யாரோ அடுப்பு மூட்டப் போனார்கள்.

செல்வரத்தினம் தன் குவாட்டர்ஸில் இஸ்திரிப் பெட்டியால் சட்டையை மினுக்கிக்கொண்டிருந்தார். ஜெயமலர் உள்ளே வந்ததைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"ஒருத்தரும் சாகேல்லைத்தானே?" என்று கேட்டார்.

"இல்லை."

"நான் ஒருத்தரையும் சாகச் சொல்லேல்லை தங்கச்சி. கையெழுத்தாகிற வரைக்கும் துரையாக்கள் கொஞ்சநாள் அவகாசம் கேட்டினம். எடுத்துக் குடுத்தன். பென்சனுக்குப் பிறகும் இந்த வீட்டில இருக்கலாம் எண்டினம். எனக்கு ஊரில இப்ப வீடில்லை." அவர் சட்டையின் காலரைத் திருப்பினார். "நான் சனத்துக்கு ஒரு பொய்யும் சொல்லேல்லை. யோசிச்சுப் பாருங்கோ. நீங்கள் அங்க காட்டினது முழுக்க உண்மை."

அது சரிதான். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதனால்தான் அது வேலை செய்தது.

"பொலிஸ் கொஸ்லந்தையால வெளிக்கிட்டிட்டினம்," என்றாள். "அலவியும் அவையளோட வாறான். நேரில."

அவர் மினுக்குவதை நிறுத்திவிட்டு, சட்டையைப் போட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். கடைசிப் பொத்தானைத் தவறான துளையில் மாட்டினார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பரிதாபமும் வரவில்லை, வெறுப்பும் வரவில்லை.

தினேஸ் வெளியே காத்திருந்தான். அவளைக் கண்டதும் குடையை விரித்துப் பிடித்தான். இருவரும் பாடசாலைக்கு நடந்தார்கள்.

வகுப்பறையொன்றின் மூலையில் விஜயலெட்சுமி தன் பாயை விரித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரியாயி ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்து அவள் முன்னால் நின்றாள். கொடுக்கவும் தெரியாமல், போகவும் தெரியாமல் நின்றாள்.

"விஜி, அத நம்பிட்டேன். என்னைய மன்னிச்சிரு."

விஜயலெட்சுமி கோப்பையை வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள்.

"எனக்கு இன்னும் கோவமே வரல பெரியாயி," என்றாள். "வந்தா சொல்றேன். அப்ப வந்து சண்ட போடுவோம்."

"சரி," என்றாள் பெரியாயி. "வர்ற வரைக்கும் இங்கயே இருக்கேன்."

விஜயலெட்சுமி பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.